புறாமலைக்கு வெளிநாட்டுச் சீட்டு

திருகோணமலையின் நிலாவெளிக் கரையில் நின்றால் புறாமலைத் தீவு கையெட்டும் தூரத்தில் தெரியும். ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் கடல்தான் இடையில். ஆனாலும் 1990இல், பன்னிரண்டு வயதில், ஊரை விட்டுப் போகும்வரை நான் அங்கே கால் வைத்ததில்லை. அந்த நாட்களில் கடல் என்றாலே பெரியவர்களுக்குப் பயம். இந்த ஆடியில்தான் ரொறன்ரோவிலிருந்து கணவரோடும் பதினான்கு வயது மகளோடும் போய், முதன்முதலாக அந்தத் தீவுக்குப் படகேறினேன். அதுவும் வெளிநாட்டுக்காரருக்கான சீட்டில்.

புறாமலை 2003 முதல் தேசியப் பூங்கா. உள்நாட்டவருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு அதைப் போலப் பல மடங்கு. அதன்மேல் சேவைக் கட்டணம், வரி, படகுக் கூலி என்று ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டே போகும். சீட்டுக் கொடுத்த தம்பி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "அக்கா திருகோணமலையா?" என்றார். "உவர்மலை" என்றேன், கொஞ்சம் நிமிர்ந்துகொண்டு. "அடையாள அட்டை இருக்கிறதா?" கனடாக் கடவுச்சீட்டைத்தான் நீட்ட முடிந்தது. அவரில் குற்றமில்லை, விதி அப்படி. இலங்கை அடையாள அட்டை உள்ளவர்கள் அதைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு வராதீர்கள். படகுக் கூலி ஆளுக்கு அல்ல, படகுக்கு. மட்டக்களப்பிலிருந்து வந்திருந்த இரண்டு ஆசிரியைகளோடு சேர்ந்து போனதில் எங்களுக்கு அதிலாவது பாதி மிஞ்சியது.

தீவில் தங்க முடியாது. தங்குமிடம் கரையில்தான், உப்புவெளியிலோ நிலாவெளியிலோ. முதல் இரண்டு இரவு உப்புவெளியில் ஒரு சிறிய விடுதியில் இருந்தோம். இணையத்தில் கடல் பார்த்த அறை; நேரில் சமையலறை பார்த்த அறை. கேட்டால், "அந்த அறையில் ஆட்கள் நீடித்துவிட்டார்கள், மிஸ்" என்றார்கள். கடற்கரைப் பாட்டு நள்ளிரவு தாண்டியும் ஓயவில்லை. இளவட்டங்களுக்கு உப்புவெளி பொருந்தும்: சாப்பாட்டுக் கடைகள், கூட்டம், ஊரோடு ஆட்டோத் தூரம். நித்திரை வேண்டுமென்றால், நகரிலிருந்து 15 கிலோமீற்றர் வடக்கே நிலாவெளிக்குப் போய்விடுங்கள். பெரிய ஹோட்டல்களும் உண்டு. நாங்கள் வீட்டோடு நான்கு அறை வைத்திருந்த ஓர் அம்மாவிடம் போனோம். நுளம்பு வலையில் ஓட்டை இருந்தது. காலையில் சொன்னேன், மாலையில் தைத்துக் கட்டியிருந்தார். இடியப்பத்துக்கு அவர் வைத்த சொதியைப் பற்றி எழுதத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

புறாமலைக்கு முதல் படகில் போகவேண்டும். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம். வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. கரை மணல் அல்ல, உடைந்த முருகைக்கல், அதாவது பவளக்கல். வெறுங்காலோடு நடந்தால் அம்மாவைக் கூப்பிட வேண்டியிருக்கும். முகமூடியும் மூச்சுக் குழாயும் போட்டுக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் முகத்தைக் கவிழ்த்தாலே போதும். மான்கொம்பு போலக் கிளைத்த பவளம், அதைக் கொறித்துக்கொண்டு கிளிமீன், எங்களைக் கணக்கில் எடுக்காமல் கடந்துபோன ஓர் அழுங்காமை. தீவின் மறுபக்கத்தில், செட்டை நுனியில் மை தொட்டதுபோல் கறுப்பு வைத்த சுறாக்கள். பத்து மணிக்குப் படகுகள் வரிசை கட்டின. உயிர்காப்பு அங்கியோடு இறங்கியவர்கள் களைத்தபோதெல்லாம் பவளத்தின் மேலேயே ஏறி நின்றார்கள். அது கல் இல்லை, உயிர். விசில் ஊதி அதட்டும் நம் ஊர்க் காவல்காரர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று தோன்றியது.

சுறாக்களைப் பார்த்து வந்த மகள் படகில் கண் விரியப் பேசிக்கொண்டிருந்தாள். "நீ பிறந்தபோது அம்மம்மா எனக்குச் சுறா வறைதான் செய்து தந்தார், பால் சுரக்க" என்று சொல்லிவிட்டேன். நிலாவெளி வரும்வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் சிலிண்டரோடு சுழியோடப் பழக்குகிற நிலையம் ஒன்றுக்குப் போனோம். உடல்நலப் படிவத்தில் இரத்த அழுத்தம் என்று நேர்மையாக எழுதிய கணவரை மருத்துவர் கடிதமில்லாமல் இறக்க முடியாது என்று திருப்பிவிட்டார்கள். அவருக்கு முகம் தொங்கியது. எனக்கு அந்த இடத்தின் மேல் நம்பிக்கை வந்தது. பழக்கியவர் மீனவர் வீட்டுப் பிள்ளை. "அக்கா, மற்றதை மறந்தாலும் பரவாயில்லை, கீழே மூச்சை அடக்கிக்கொண்டு மட்டும் மேலே வராதீர்கள்" என்று மூன்று தரம் சொன்னார். இன்னொன்று நம்மவர்களுக்கு முக்கியம்: சுழியோடியபின் குறைந்தது 18 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. பயணத்தின் கடைசி நாளுக்கு இதை வைக்காதீர்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை கடல் அடங்கியிருக்கும். மார்கழி விடுமுறையில் வருபவர்களுக்கு வாடைக்காற்றும் கலங்கல் தண்ணீரும்தான்.

கடலில் இறங்காத நாளில் கோணேசர் கோவில். கோட்டை வாசலில் மான்கள் இன்னும் பை கிழித்துக்கொண்டு நிற்கின்றன. சம்பந்தர் பாடிய கோவிலைப் போர்த்துக்கீசர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கற்களைக் கடலில் தள்ளினார்கள். 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் கோவில் நிற்கும் இதே பாறையின் அடியில் சுழியோடித்தான் பழைய கோவிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். நேற்றுவரை அதை ஒரு தகவலாக மட்டும் அறிந்திருந்தேன். தண்ணீருக்கு அடியில் என் மூச்சுச் சத்தத்தை நானே கேட்டபிறகு, மேலே நின்று அந்த நீலத்தைப் பார்க்க வயிறு கூசியது. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளையும் பார்த்தோம். வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு வந்துவிடலாம். எவரும் அதிகம் போகாதது வெல்கம் விகாரை. சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அரை நாள் ஒதுக்குங்கள்.

கொழும்புக்கு இரவு ரயிலில் திரும்பினோம். அதற்கு முன் ஸ்காபரோவில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, கடைசியில் புறாமலைக்குப் போய்விட்டேன் என்று சொன்னேன். எவ்வளவு முடிந்தது என்று கேட்டார். மூன்று பேருக்கான கணக்கைச் சொன்னேன். சற்று நேரம் சத்தமில்லை.

"அந்தக் காசுக்கு உன் அப்பா வள்ளமே வாங்கியிருப்பார், பிள்ளை."