நீதிபோதனை பீரியடா, நட்சத்திர ஸ்டிக்கரா, துடைப்பமா?

பிள்ளைகளிடம் நல்ல குணத்தை வளர்க்கப் பள்ளிகள் கையில் எடுப்பவை பெரும்பாலும் மூன்று வழிகள். வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு நடத்துவது ஒன்று. நல்லது செய்தால் ஸ்டிக்கர், புள்ளி, சான்றிதழ் கொடுப்பது இன்னொன்று. மூன்றாவதில் தனிப் பாடமே கிடையாது. வகுப்பைப் பெருக்குவது, சாப்பாடு பரிமாறுவது, சண்டையைக் கூடி உட்கார்ந்து தீர்ப்பது என்று அன்றாட வேலைக்குள்ளேயே அது போய்விடும்.

நீதிபோதனை வகுப்பை நடத்துவது சுலபம், நிர்வாகத்துக்குக் கணக்குக் காட்டுவது அதைவிடச் சுலபம். போர்ஷன் முடியவில்லை என்று கணக்கு வாத்தியார் முதலில் கேட்டு வாங்குவதும் இந்த பீரியடைத்தான். நான் பாடம் நடத்திய காலத்தில் ‘நேர்மை’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் தாளில் ஒரே வரியில் ஒரே எழுத்துப்பிழை! இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஹார்ட்ஸ்ஹோர்ன், மே என்ற இருவர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்து 1928 முதல் 1930 வரை வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் காட்டியது. ஓர் இடத்தில் நேர்மையாக இருக்கும் பிள்ளை இன்னோர் இடத்தில் ஏமாற்றுகிறது. எது சரி என்று தெரிந்திருப்பதும் அதன்படி நடப்பதும் வேறுவேறாகவே நின்றன. அதற்காக இந்த வகுப்பே வீண் என்று சொல்ல மாட்டேன். கோபம், பொறாமை, அநியாயம் என்று பெயர் சொல்லிப் பேசப் பிள்ளைகளுக்கு ஓர் இடம் வேண்டும்தான்.

ஸ்டிக்கர் உடனே வேலை செய்யும். அதுதான் அதில் உள்ள வம்பு. கீழே கிடந்த காகிதத்தை எடுத்துக் கூடையில் போட்ட சின்னப் பெண், அடுத்த நொடியே “ஸ்டார் உண்டா மிஸ்?” என்று கேட்டாள். இல்லை என்றேன். மறுநாள் காகிதம் கிடந்த இடத்திலேயே கிடந்தது. 1973-ல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள் மூவரும் படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரைய வைத்த குழந்தைகள் பின்னால் தாமாக வரைவது குறைந்தது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆக, பாராட்டில் தப்பில்லை, பேரம்தான் கெடுக்கிறது.

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு. ஜப்பானியப் பள்ளிகளில் பிள்ளைகள் குழு குழுவாக முறைவைத்து வகுப்பறை, நடைபாதை எல்லாவற்றையும் துடைக்கிறார்கள். மதிய உணவைப் பரிமாறுவதும் அவர்களே. ஆனால் அங்கேகூட அது மட்டும் போதும் என்று விட்டுவிடவில்லை. 2018-ல் ஆரம்பப் பள்ளிகளில் நன்னெறியை முறையான பாடமாகவே ஆக்கினார்கள். மதிப்பெண் மட்டும் கிடையாது, ஆசிரியர் நாலு வரி எழுதித் தருவார்.

இந்த வழி கெட்டுப்போவதும் சுலபம். தாமதமாக வந்தவனுக்குத் துடைப்பத்தைக் கொடுத்தால் அன்றோடு அது தண்டனை ஆகிவிடும். எப்போதும் அதே நாலு பேர் தலையில் கட்டினாலும் அப்படித்தான். முறை எல்லாருக்கும் வர வேண்டும், ஆசிரியர் கையிலும் துணி இருக்க வேண்டும்.

கூட்டம் போட்டுப் பேசுவதற்கு இன்னும் பொறுமை தேவை. பிள்ளைகளின் ஒழுக்க வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் கோல்பெர்க் 1974-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் தொடங்க உதவிய ஒரு பள்ளியில் மாணவர், ஆசிரியர் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரே ஓட்டு. ஒரு மாணவியின் பணம் திருடுபோனபோது, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடுகட்டுவது என்று கூட்டம் முடிவெடுத்தது. இதற்கு எத்தனை பீரியட் போகும் என்று தலைமையாசிரியர்கள் கவலைப்படுவது நியாயம்தான்.

சரி, பிள்ளைக்குப் பள்ளி தேடுகிறவர்கள் எதைப் பார்ப்பது? சுவரில் எழுதியிருக்கும் பொன்மொழியை விடுங்கள். சாப்பாட்டு மணி அடித்த பிறகு ஓரமாக நின்று பாருங்கள். ஒரு பிள்ளை கை தவறி எதையாவது கொட்டிவிட்டால் யார் முதலில் குனிகிறார்கள், பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் யாரைக் கூப்பிடுகிறார் என்று.