செபியா வேண்டாம், சீனரி போதும்: ஏஐயில் பழைய ஸ்டுடியோ படம்

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு வரை தண்ணீர் ஏறியது. அப்பா அம்மாவின் கல்யாண ஆல்பம் இருந்தது அங்கேதான். நனைந்த போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்தபோது படம் இருந்த மேல்படலமே உரிந்து வந்துவிட்டது. 1979இல் கும்பகோணத்து ஸ்டுடியோ ஒன்றில் எடுத்த ஜோடிப் படத்தில் மிஞ்சியவை அம்மாவின் இடது தோள், கால்வாசி அப்பா, பின்னால் சீனரியில் வரைந்திருந்த மாடிப்படிக் கைப்பிடி.

அதைத் திரும்ப உருவாக்கிவிடலாம் என்றுதான் 2025 மார்ச்சில் ஏஐ படக் கருவிகள் பக்கம் போனேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று கருவிகளில் நானூறு படங்களாவது போட்டிருப்பேன். வைத்துக்கொண்டவை முப்பதுகூட இல்லை. கருவிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறைகள் மூன்றுக்கும் பொது, அதோடு மாதத்துக்கு ஒருமுறை எல்லாமே மாறிவிடுகின்றன.

முதல் தப்பு என்னுடையது. ‘விண்டேஜ்’, ‘ரெட்ரோ’ என்று பிராம்ப்டில், அதாவது கருவிக்கு எழுதிக் கொடுக்கும் விவரத்தில், எழுதினேன். உடனே செபியா வந்தது, ஓரம் கிழிந்த தாள் வந்தது, படம் முழுக்க மணல் தூவியது போலப் புள்ளிகள் வந்தன. செபியா என்பது படத்திலுள்ள வெள்ளியைச் சல்பைடாக மாற்றி, வேண்டுமென்றே பழுப்பாக்கும் வேலை. எங்கள் வீட்டில் தப்பித்த மற்ற கறுப்பு வெள்ளைப் படங்கள் சாம்பல் நிறம்தான். அங்கங்கே மஞ்சளித்திருப்பது, படத்தை நிலைநிறுத்தப் பயன்படுத்தும் ஹைப்போ ரசாயனத்தைச் சரியாகக் கழுவாததால் வந்த வினை. 70களின் கலர் பிரிண்டுகள் ஆல்பத்துக்குள் இருந்தபடியே சிவந்துபோனதும் இதே மாதிரிதான். அவற்றில் சியான் என்ற நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கிவிடும். இதெல்லாம் பிறகு வந்த முதுமை. கடைக்காரர் கவரில் போட்டுக் கொடுத்த அன்றைக்கு அது பளிச்சென்ற புதுப் படம். எனக்கு வேண்டியது அந்தப் புதுப் படம். கருவியோ ‘பழைய’ என்ற சொல்லைக் கேட்டதும் நாற்பது வருட அழுக்கை அள்ளிப் பூசுகிறது.

அந்தச் சொற்களை விட்டுவிட்டு, படம் எப்படி எடுக்கப்பட்டது என்று எழுத ஆரம்பித்த பிறகுதான் வழிக்கு வந்தது. புள்ளிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அன்றைய ஸ்டுடியோக்களில் 120 என்ற அகல பிலிம் ரோல் சகஜம். ஆறு சென்டிமீட்டர் சதுர நெகட்டிவைப் போஸ்ட்கார்டு சைஸுக்குப் பெரிதாக்கினால் இரண்டரை மடங்குகூட வராது, புள்ளி கண்ணில் படவே படாது. ஆகவே புள்ளிகளைக் குறிக்கும் ‘கிரெய்ன்’ என்ற சொல்லை நீக்கினேன்; பாதி போலித்தனம் அதோடு போயிற்று. அடுத்தது பின்னணி. கருவி தானாகவே பின்னால் இருப்பதை மங்கலாக்கும், இன்றைய போன் போர்ட்ரெய்ட் பழக்கம். ஸ்டுடியோவில் சீனரித் துணி முதுகுக்குப் பின்னால் நாலடியில் தொங்கும். வரைந்த தூண், வரைந்த பூந்தொட்டி எல்லாம் தெரிய வேண்டும், துணியின் சுருக்கம் உட்பட.

மீதியைச் சொல்லிக்கொடுத்தது அம்மா. தப்பான படம் ஒன்றைக் காட்டினால் போதும், திருத்தம் வரும்.

“இது உங்கப்பா இல்லடா, ஏதோ சினிமாக்காரன்.”

அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, “இருந்துட்டுப் போகட்டுமே” என்றார்.

கோட்டு ஸ்டுடியோவுடையது, எல்லா மாப்பிள்ளைக்கும் அது ஒன்றுதான், முதுகுப் பக்கம் ஊசி குத்திப் பிடித்திருந்தார்கள் என்று அம்மா சொன்னார். அப்போ தோள் பட்டை இறங்கியிருக்கும், கை கொஞ்சம் நீளம் என்று எழுதினேன். இரண்டு பெரிய பல்பு, வேர்த்துக் கொட்டியது, பவுடரை இரண்டாம் தடவை பூசிக்கொண்டேன் என்றார். அதையும் எழுதினேன். நெற்றியில் லேசான பளபளப்போடு வந்த அந்தப் படம்தான் முதன்முதலாக ‘இது ஸ்டுடியோ’ என்று நம்பும்படி இருந்தது. ‘முகத்தில் மட்டும் டச்சிங், கைகளில் இல்லை’ என்று எழுதுவதும் நன்றாக வேலை செய்கிறது. அந்தக் காலத்தில் நெகட்டிவின் மேல் கூர்ப் பென்சிலால் நிரப்பினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துச் சுருக்கம் மறையும். அதைச் செய்தவர்கள் பெரும்பாலும் முகத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

இன்றுவரை தீராத தலைவலி உடையும் நகையும். ‘இந்திய மணப்பெண்’ என்று எழுதினால் நெற்றிச்சுட்டியும் கருகமணியும் வரும், பின்னால் ராஜஸ்தான் ஜன்னல். மஞ்சள் கயிற்றில் தாலி, கொண்டையில் கனகாம்பரம் என்று ஒவ்வொன்றையும் சொல்ல வேண்டும். சொன்னாலும் கனகாம்பரம் ரோஜாக் கிரீடமாகிவிடும். முந்தானை சில சமயம் வலது தோளுக்குத் தாவும். நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விட்டால் எல்லோரையும் இரண்டு படி வெளுப்பாக்கிவிடும். ‘மாநிறம், பவுடரால் சற்று வெளுத்த முகம், கழுத்து அசல் நிறம்’ என்று எழுதினால் ஓரளவு நிற்கிறது.

2025 ஆகஸ்டில் கூகுளின் நானோ பனானா என்ற ஏஐ படக் கருவி வந்து, அடுத்த மாதமே ஷிஃபான் புடவையும் காதோரப் பூவும் மஞ்சள் வெயிலுமாக ஒரு அலை அடித்தது ஞாபகம் இருக்கும். அழகாகத்தான் இருந்தன. ஆனால் எந்தக் கேமரா, எந்த ஊர் என்று எதுவும் அந்தப் படங்களில் இல்லை. பிலிம் பெயர் போடுகிறவர்களும் ‘1975, கோடக் போர்ட்ரா’ என்று எழுதுகிறார்கள். போர்ட்ரா 1998இல்தான் வந்தது. ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் ‘இந்து’ ரோலின் பெயரை எழுதிப் பார்த்தேன். கருவி அதைக் கடவுள் படம் என்று எடுத்துக்கொண்டது.

சுலபமாக வருவது ஃபிளாஷ் கேமராக் காலம். முகத்தில் நேர் வெளிச்சம், சுவரில் முதுகோடு ஒட்டிய கறுப்பு நிழல், செவ்விழி, மூலையில் ஆரஞ்சு நிறத் தேதி. என் பிறந்தநாள் படம் ஒன்றை இப்படிப் போட்டதில் எல்லாம் கச்சிதம், தேதியில் மட்டும் பதினேழாவது மாதம். எண்களையும் தமிழ் எழுத்துகளையும் நான் இப்போது கருவியிடம் விடுவதில்லை, பிறகு தனியாகச் சேர்த்துவிடுவேன்.

இன்னொன்று. ஒரே படத்தை ‘இதை மாற்று, அதை மாற்று’ என்று தொடர்ந்து திருத்தாதீர்கள். ஐந்தாவது திருத்தத்தில் முகம் சித்தப்பா முகமாகிவிடும். ஒவ்வொரு முறையும் அசலிலிருந்து தொடங்குங்கள்.

அப்பா முகத்துக்கு அவருடைய பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றைக் கொடுத்தேன். நாற்பது முயற்சிக்குப் பிறகு அம்மா தலையாட்டிய ஒன்றை லேபில் மேட் தாளில் பிரிண்ட் போட்டேன். ஏஐ படங்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத அடையாளம் வைக்கிற ஏற்பாடெல்லாம் இருக்கிறது. ஆனால் பிரேமில் மாட்டிய தாளைப் பார்த்து யாருக்கு என்ன தெரியும்? பின்புறம் ‘அசல் இல்லை, 2026இல் செய்தது, கோட்டு மட்டும் உண்மை’ என்று எழுதப் போனேன். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் பென்சில் ஏறவில்லை. மார்க்கர் பேனாவால் எழுதி, காய்கிற வரை மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தேன்.