வயதைக் கேட்டு விற்றமின் தரும் கல்லடி மருந்தகம்

மட்டக்களப்பில் கல்லடிப் பாலத்தைக் கடந்து காத்தான்குடிப் பக்கமாகச் செல்லும் வழியில் எங்கள் வீட்டார் மருந்து வாங்கும் சிறிய மருந்தகம் ஒன்று உள்ளது. அங்கு விற்றமின் குளிசை கேட்பவருக்கு உடனே போத்தல் கிடைப்பதில்லை. "ஆருக்கு, எத்தின வயது, வேற என்ன குளிசை போடுறீங்க?" என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே மருந்தாளர் அலுமாரிப் பக்கம் திரும்புகிறார். அவசரத்தில் வருபவர்களுக்கு இது எரிச்சலூட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 'முழுக் குடும்பத்துக்கும்' என்று ஒட்டிய ஒரே போத்தலைப் பேரப்பிள்ளைக்கும் பாட்டனுக்கும் சேர்த்து வாங்கிச் செல்லும் வழக்கம் நம்மூரில் பரவியிருக்கும் நிலையில், நான் அக்கடைக்கு மதிப்பெண் போடுவது இக்கேள்விகளுக்காகத்தான்.

முதியவர்களிடம் அவர் காட்டும் கவனம் குறிப்பிடத்தக்கது. கால் விறைப்புக்கு 'நரம்புக் குளிசை' கேட்டு வருபவரிடம், நீரிழிவுக்கு மெற்போமின் எத்தனை ஆண்டுகளாகப் போடுகிறார், நெஞ்செரிவுக்கு ஒமிப்ரசோல் போடுகிறாரா என்று விசாரிக்கிறார். இவ்விரண்டும் நீண்ட காலம் எடுக்கப்படும்போது விற்றமின் பி12 உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடியவை. வயது ஏற ஏற இரைப்பை அமிலம் குறைவதாலும் உணவிலுள்ள பி12 பிரிந்து உறிஞ்சப்படுவது தடைப்படுகிறது. ஈரல் பல ஆண்டுகளுக்குப் போதுமான பி12ஐச் சேமித்து வைத்திருப்பதால் குறைபாடு மெதுவாகவே தலைகாட்டும். அப்போது வரும் விறைப்பை 'சீனி வருத்தம்தானே' என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 2.4 மைக்ரோகிராம் மட்டுமே. ஆயினும் அது இயல்பாக மீன், இறைச்சி, முட்டை, பால் ஆகியவற்றிலேயே கிடைக்கிறது; முருங்கையிலையையும் பொன்னாங்காணியையும் எவ்வளவு உண்டாலும் அது கிடைக்காது என்பதை, ஆண்டு முழுவதும் மரக்கறி மட்டுமே உண்ணும் பெரியவர்களுக்கு அவர் பொறுமையாக விளக்குகிறார். இன்னொரு பி விற்றமினான போலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால், பி12 குறைவால் வந்த இரத்தச்சோகை சரியானதுபோலத் தோன்றி, நரம்புப் பாதிப்பு உள்ளே தொடரக்கூடும் என்பதால், முதலில் இரத்தத்தைச் சோதித்து வைத்தியரைக் காணும்படி சொல்லி அனுப்புகிறார். விற்கக்கூடிய பொருளை விற்காமல் அனுப்பும் கடைக்காரரை அடிக்கடி காண முடிவதில்லை.

இளம் பெண்களிடம் பேச்சு வேறு விதமாகச் செல்கிறது. குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாட்களில், அதாவது பலருக்குக் கரு தங்கியதே தெரியாத வேளையில் மூடிவிடுகிறது. ஆகவே அக்குழாய் சரியாக மூட உதவும் போலிக் அமிலத்தை, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் அளவில், கருத்தரிக்கும் முன்னரே தொடங்குவது நல்லது என்கிறார். அதே பெண் மீனெண்ணெய்க் குளிசையும் கேட்டால், அது மீனின் ஈரலில் எடுத்த எண்ணெயா என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கிறார். ஈரல் எண்ணெயில் விற்றமின் ஏ மிகுதி, அது அளவு மீறினால் கருவுக்கு ஊறு விளைவிக்கும்.

குழந்தைகளுக்கான பாணிகளும் மிட்டாய் வடிவ விற்றமின்களும் முன்வரிசையில் பளபளவென்று அடுக்கப்பட்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. ஏ, டி, ஈ, கே ஆகியவை கொழுப்பில் கரைந்து உடலில் தங்குபவை. மிட்டாய் என்று எண்ணிப் பிள்ளை போத்தலைத் திறந்தால் விளைவு சிறியதல்ல. ஆயினும் விற்றமின் ஏ கேட்ட ஒரு தாயிடம், 6 மாதத்திலிருந்து கிளினிக்கில் அது இலவசமாகக் கொடுக்கப்படுகிறது, பிள்ளையின் பதிவேட்டில் குறித்திருக்கிறதா பாருங்கள் என்று அவர் திருப்பியனுப்பியதையும் சொல்லியாக வேண்டும்.

விற்றமின் டி பற்றி அவர் சொன்னது எனக்குப் புதிது. இவ்வளவு வெயிலடிக்கும் மட்டக்களப்பில் அக்குறைபாடு வருமா என்று கேட்டேன். தோலில் அதை உண்டாக்கும் கதிர் காலை இளவெயிலில் மிகக் குறைவு, கண்ணாடி யன்னலைத் தாண்டியும் வராது என்றார். விடிந்ததிலிருந்து பாடசாலையும் ரியூசன் வகுப்புமாக அடைந்து கிடக்கும் பிள்ளைகளுக்கும், வீட்டை விட்டு இறங்காத முதியவர்களுக்கும் ஊரின் வெயிலால் பயன் அதிகமில்லை. பொதுவாகக் கூறப்படும் அன்றாட அளவு ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு 400, அதன் பின் 70 வயது வரை 600, அதற்கு மேல் 800 சர்வதேச அலகு. ஒரே போத்தல் எல்லோருக்கும் ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவே போதும்.

நீரில் நுரைத்துக் கரையும் 1000 மில்லிகிராம் விற்றமின் சி குளிசைதான் அங்கும் அதிகம் விலைபோகிறது. வளர்ந்தவருக்குத் தேவை 75 முதல் 90 மில்லிகிராம். ஒரு கொய்யாப்பழமே அதைத் தாண்டிவிடும். நுரைக்கும் குளிசைகளில் சோடியம் இருப்பதை இரத்த அழுத்தமுள்ளவர்களுக்கு அவர் நினைவூட்டுகிறார், அவ்வளவுதான்.

குறை ஒன்று உண்டு. மருந்தாளர் இல்லாத வேளையில் நிற்கும் தம்பி எதையும் கேட்பதில்லை. சுட்டிய போத்தலை எடுத்துப் பையில் போட்டு விடுகிறார். ஆலோசனை எழுதித் தரப்படுவதுமில்லை, வீடு சேர்வதற்குள் பாதி மறந்துவிடுகிறது. ஆகவே காலையில், மருந்தாளர் இருக்கும் நேரத்தில் செல்வது நல்லது. வீட்டில் பாவனையிலுள்ள குளிசை அட்டைகளையும் கையோடு கொண்டு சென்றால், அவர் கேட்கும் கடைசிக் கேள்விக்கு விடை தேட வேண்டியிருக்காது.