கேட்டு எழுத எந்த அறிவியல் நிகழ்ச்சி?

ஆரம்பப் பள்ளியில் சொல்வதெழுதுதல் என்று ஒரு வேலை உண்டு. டீச்சர் ஒரு சொல்லை இரண்டு தரம் சொல்வார், நாம் சிலேட்டில் எழுதி உயர்த்திக் காட்ட வேண்டும். நாற்பத்தாறு வயதில் அதே வேலையை மறுபடி தொடங்கினேன், இந்தத் தடவை ஆங்கிலத்தில். காரணம் அலுவலகம்தான். பெருங்குடியில் உட்கார்ந்துகொண்டு இரவு ஒன்பது மணிக்கு டெக்சாஸ்காரர்களோடு போனில் பேசுகிற வேலை எனக்கு. இருபது வருடமாக ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறேன், அறிக்கை படிக்கிறேன். ஆனால் அவர்கள் தங்களுக்குள் வேகமாகப் பேசிக்கொண்டால் பாதி வாக்கியம் காதில் ஏறாது. சிரித்துச் சமாளித்துவிடுவேன்.

அப்புறம் அண்ணன் மகளும் சேர்ந்துகொண்டாள். நர்சிங் முடித்துவிட்டு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு எழுதப்போகிறாள். அதில் கேட்டல் பகுதிக்கு நாற்பது கேள்வி, ஒலிப்பதிவு ஒரே ஒரு தடவைதான் ஓடும், ஸ்பெல்லிங் தப்பினால் அந்த மதிப்பெண் போனதுதான்.

செய்வது இவ்வளவுதான். இரண்டு மூன்று நிமிட அறிவியல் ஒலிபரப்பு ஒன்றை எடுத்து, வாக்கியம் வாக்கியமாக நிறுத்திக் கேட்டு, விழுந்ததை நோட்டில் எழுதி, கடைசியில் அவர்களே வெளியிடும் எழுத்து வடிவத்தோடு ஒத்துப் பார்ப்பது. அறிவியல் ஏன் என்றால், சினிமா வசனத்தில் இசையும் இரைச்சலும் குறுக்கே வரும், அரசியல் செய்தியில் ஆள் பெயரும் ஊர் பெயரும் கொட்டும். இதில் ஒரு விஷயம், ஒரு கேள்வி, ஒரு பதில். கடினமான சொற்கள் பெரும்பாலும் பிளஸ் டூ புத்தகத்திலேயே பார்த்தவை.

முதல் நாள் ஒன்றரை நிமிடத்தை எழுத ஒரு மணி நேரம் பிடித்தது. ஒத்துப் பார்த்தால் ஆச்சரியம். ஆன்டிபயாட்டிக், பாக்டீரியா, ரெசிஸ்டன்ஸ் எல்லாம் சரி. விட்டுப்போனவை ஆஃப், தி, ஹேவ், பீன். அதாவது இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள்.

அப்பா ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் பிட்மன் சுருக்கெழுத்து படித்து, நிமிடத்துக்கு 120 சொல் எழுதும் சீனியர் தேர்வு முடித்தவர். என் நோட்டைப் பார்த்துவிட்டு, "பெரிய வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நடுவுல இருக்கிறதை நீயே ரொப்பிக்கிறே. காதுல விழுந்ததை எழுது. புரிஞ்சதை எழுதாதே" என்றார். பிட்மன் 1837-இல் வந்த முறை. ஸ்பெல்லிங்கைக் கண்டுகொள்ளாமல் ஒலியை எழுதுவது. 'பே' என்றால் சம்பளமா, விரிகுடாவா? தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான். பிட்மனில் மெல்லிய கோடு போட்டால் சம்பளம், அதே கோட்டை அழுத்திப் போட்டால் விரிகுடா. இன்னொன்றும் காட்டினார். அடிக்கடி சேர்ந்து வரும் சின்னச் சொற்களைச் சுருக்கெழுத்துக்காரர்கள் பேனாவை எடுக்காமல் ஒரே கோடாகப் பிணைத்துவிடுவார்களாம். பேசுகிறவர் வாயில் அவை ஒரே சொல்லாகத்தானே வருகின்றன! நான் இருபது வருடமாக அவற்றைத் தனித்தனிச் சொல்லாக எதிர்பார்த்துக் காத்திருந்திருக்கிறேன்.

இதிலிருந்து எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. நழுவுவது சின்னச் சொல் என்றால், திருத்தப் பயன்படும் எழுத்து வடிவம் சின்னச் சொல் வரை சரியாக இருக்க வேண்டும். நான் 'ஹேஸ் பீன்' என்று எழுதி, தாளில் 'வாஸ்' என்று இருந்தால், தப்பு என் காதிலா, தாளிலா? அது தெரியாமல் திருத்த உட்காருவது வீண். நிகழ்ச்சி எவ்வளவு சுவாரசியம், எவ்வளவு பிரபலம் என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் லேர்னிங் இங்கிலீஷ். 1959-இல் ஸ்பெஷல் இங்கிலீஷ் என்ற பெயரில் தொடங்கியது. ஏறக்குறைய 1,500 சொற்களுக்குள் எழுதி, வழக்கமான வேகத்தில் மூன்றில் இரண்டு பங்கில் வாசிப்பார்கள். எழுத்து வடிவம் ஒலியோடு நன்றாகவே ஒத்துப்போகும். 2025 மார்ச்சில் அந்த வானொலியையே முடக்கிவிட்டார்கள், ஆனாலும் பழைய சரக்கு ஏராளம். தமிழ் வழியில் படித்துவிட்டு முதல் தடவை காதைத் தீட்டுகிறவருக்கு இரண்டு வாரம் இது நல்லது, பயம் தெளியும். அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. அவ்வளவு நிதானமாக வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக, முழுசாக வந்து விழுகிறது. நமக்கு வராதது விழுங்கிய சொல், இங்கே யாரும் எதையும் விழுங்குவதில்லை. அண்ணன் மகள் மூன்றே நாளில் தப்பில்லாமல் எழுத ஆரம்பித்தாள். அவள் காது தேறிவிட்டது என்று நினைத்தோம். வேறு நிகழ்ச்சிக்குப் போன அன்றைக்கே சாயம் வெளுத்தது.

சரி, வேகமான நிகழ்ச்சியையே எடுத்து 0.75 வேகத்தில் ஓடவிட்டால் என்ன? ரெண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. விழுங்கிய ஒலி அதனால் வெளியே வந்துவிடாது, விழுங்குவதுதான் மெதுவாகக் கேட்கும். பழகுவதற்கு அதுதான் வேண்டும் என்பதால் இரண்டில் இதுவே மேல்.

பிபிசியின் சிக்ஸ் மினிட் இங்கிலீஷ் இந்த ஊரில் பலர் சொல்லும் இன்னொரு பெயர். இரண்டு பேர் பேசிக்கொள்வார்கள், தொடக்கத்தில் ஒரு கேள்வி கேட்டு முடிவில் விடை சொல்வார்கள், நடுவே ஆறு சொற்களுக்குப் பொருள் விளக்குவார்கள். கேட்க இனிமை. பிரிட்டிஷ் உச்சரிப்பு வேண்டும் என்பவர்களுக்கு, முக்கியமாக ஐஇஎல்டிஎஸ் எழுதுகிறவர்களுக்கு, நேரடியாக உதவும். ஆனால் அறிவியல் மட்டும் வராது. உணவு, வேலை, சமூகம் என்று எல்லாம் கலந்து வரும். ஆறு நிமிடம் என்பதும் எழுத உட்கார்ந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை. எல்லாவற்றுக்கும் மேல், எழுத்து வடிவத்தின் தலைப்பிலேயே இது சொல்லுக்குச் சொல் சரியான பிரதி அல்ல என்று அவர்களே போட்டுவிடுகிறார்கள். நேர்மையான ஆட்கள், ஆனால் என் அளவுகோலில் அங்கேயே அடிபட்டுப்போகிறது. ஒருநாள் ராத்திரி ஒரே ஒரு சொல்லுக்காக நானும் மகளும் பதினைந்து தடவை ஓட்டிப் பார்த்துச் சண்டை போட்டோம், அதற்கப்புறம்தான் அந்த வரி கண்ணில் பட்டது. இதை முழுசாக எழுதாமல், நடுவில் பிபிசியின் வேறு நிகழ்ச்சிகளிலிருந்து நிபுணர் பேசும் துண்டு ஒன்றைப் போடுவார்களே, அதை மட்டும் எழுதலாம். இயல்பான பேச்சு அங்கேதான் இருக்கிறது.

இனி, எனக்கு மிகவும் உதவிய நிகழ்ச்சி. சயின்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகையின் சிக்ஸ்டி செகண்ட் சயன்ஸ். பெயர்தான் அறுபது நொடி. பல பகுதிகள் ஒன்றரை, இரண்டு நிமிடம் ஓடும், பிற்காலத்தில் வந்தவற்றில் மூன்றை எட்டுவதும் உண்டு. இப்போது அந்த இடத்தில் சயன்ஸ் குவிக்லி என்ற நீளமான நிகழ்ச்சி வருகிறது, அது கேட்க நல்லது, எழுத நீளம். நான் சொல்வது பழைய கிடங்கை. பழைய பகுதிகள் பலவற்றின் அடியில், மேலே உள்ளது ஒலிப்பதிவின் பிரதி என்று ஒரு வரி இருக்கும். நான் சரிபார்த்த வரையில் அந்த வாக்கை நன்றாகவே காப்பாற்றியிருக்கிறார்கள்.

பழைய பகுதிகளில் வாசிப்பாளர் ஸ்டீவ் மிர்ஸ்கி தொடங்கும்போது ஒரு நிமிடம் இருக்கிறதா என்று கேட்பார். எழுத்தில் 'காட் எ மினிட்'. மகள் எழுதி வைத்திருந்தது 'காரமினிட்'. காரமான மினிட்டா என்று வீடே சிரித்தது, ஆனால் அவள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. அமெரிக்கர் வாயில் 'ட்' இரண்டு உயிர்களுக்கு நடுவே மாட்டினால் நம் 'ர' பக்கம் சாய்ந்துவிடும். வாட்டர் 'வாரர்' ஆவதும் இதனால்தான். இது பிடிபட்ட பிறகு என் டெக்சாஸ்காரர்கள் திடீரென்று தெளிவாகப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்!

இன்னொரு நாள் மகள் ஓடி வந்தாள். "சித்தப்பா, இந்த மருந்து வேலை செய்யும்ங்கிறானா, செய்யாதுங்கிறானா?" நர்ஸுக்கு இது விளையாட்டு இல்லையே. கேன், கேன்ட் இரண்டும் நமக்கு ஒன்றாகக் கேட்கின்றன, ஏனென்றால் நாம் கடைசி 'ட்'டைத் தேடுகிறோம். அமெரிக்கர் அதைப் பாதியில் நிறுத்திவிடுவார். தேட வேண்டியது உயிரொலியை. நடு வாக்கியத்தில் 'கேன்' என்று வாய் நிறைய, அழுத்திக் கேட்டால் பெரும்பாலும் அதன் பொருள் 'முடியாது'. 'க்ன்' என்று நசுங்கிப் போனால் 'முடியும்'.

இந்த நிகழ்ச்சியின் இன்னொரு பலம், நடுவே விஞ்ஞானிகளின் சொந்தக் குரல். பல நாட்டு உச்சரிப்பு, யோசித்து யோசித்துப் பேசும் பேச்சு, சில சமயம் போன் இரைச்சல். வாசிப்பாளர் பகுதியில் எனக்கு வாக்கியத்துக்கு ஒரு தப்பு என்றால் இங்கே மூன்று. குறை என்றால் கடைசி வரி. அதில் அனேகமாக ஒரு சிலேடை வைப்பார்கள். ஒலி முழுக்க விழுந்தும் பொருள் பிடிபடவில்லை என்றால் காதை நொந்துகொள்ள வேண்டாம், அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

இதற்கு நேரெதிர் ருசி இஞ்சின்ஸ் ஆஃப் அவர் இன்ஜெனுயிட்டி. ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் இயந்திரவியல் பேராசிரியர் ஜான் லீன்ஹார்டு 1988-இல் அங்குள்ள பொது வானொலியில் தொடங்கியது. இயந்திரங்கள், அவற்றைச் செய்தவர்கள் பற்றி மூன்றரை நிமிடம் போல ஒரு சின்னக் கட்டுரை. மூவாயிரத்துக்கு மேல் பகுதிகள், அத்தனைக்கும் எழுத்து வடிவம் உண்டு. எழுதி வைத்து வாசிப்பதால் தாளும் குரலும் அநேகமாக ஒன்றே. 'டுடே' என்று தொடங்குவார், முடிவிலும் எப்போதும் ஒரே வாக்கியம். முதல் நாள் பிடிபடாத அந்த முடிவு வாக்கியம் பத்தாம் நாள் தானாகக் காதில் விரிந்தது. ஹூஸ்டன் என்றதும் டெக்சாஸ் உச்சரிப்பு கிடைக்கும் என்று ஆசையாகப் போனேன். மனிதர் மின்னசோட்டாவில் பிறந்தவர்! ஒற்றைக் குரல், எழுத்து நடை, நிறைய பழைய பெயர்கள். இதனால் பேச்சு ஆங்கிலத்துக்கு இது சுமார்தான். நல்ல வாக்கியம் எப்படி நடக்கிறது என்று பார்க்க இதை விட்டால் ஆளில்லை. அப்பாவுக்குப் பிடித்தது இதுதான், சுருக்கெழுத்தில் நிறுத்தாமலே எடுக்கிறார்.

ஷார்ட் வேவ் பற்றி ஒரு வரி போதும். 2019-இல் அமெரிக்காவின் பொது வானொலியான என்பிஆர் தொடங்கிய அருமையான நிகழ்ச்சி, பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அவசரத்தில் தயாரித்த எழுத்து வடிவம் என்று அவர்களே குறிப்புப் போட்ட காலம் உண்டு. பஸ்ஸில் கேட்க வைத்துக்கொள்ளலாம்.

வீடியோவில் தானாக ஓடும் எழுத்துகளை வைத்துத் திருத்தலாமே என்பார்கள். என்னைப் போலவே அதுவும் கேட்காததை ஊகித்து ரொப்புகிறது. போனில் டைப் செய்தாலும் இதே கதைதான், நீங்கள் விட்ட 'தி'யைக் கீபோர்டே முன்வந்து நீட்டும். நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும்.

கடைசியாக ஸ்டார்டேட். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் மெக்டொனால்டு வானாய்வகம் 1978 முதல் நடத்துவது. தினமும் இரண்டு நிமிடம், இன்றிரவு வானத்தில் என்ன என்று ஒரே குரல் சொல்லும். நட்சத்திரப் பெயர்கள் தொல்லை என்று முதலில் ஒதுக்கிவிட்டேன். பீட்டல்ஜூஸ், ஆல்டெபரான், ஸ்பைக்கா, இவற்றை யார் ஸ்பெல்லிங்கோடு எழுதுவது? அம்மாதான் வழி காட்டினாள். சமையலறையில் தொங்கும் தினசரி காலண்டர் தாளில் அன்றைய நட்சத்திரம் போட்டிருக்கும். நிலா வானத்தில் எந்த நட்சத்திரத்தின் பக்கம் நிற்கிறது என்பதுதானே அது. ஸ்பைக்கா நமக்குச் சித்திரை, ஆல்டெபரான் ரோகிணி, ரெகுலஸ் மகம், ஆன்டாரிஸ் கேட்டை, பீட்டல்ஜூஸ் திருவாதிரை. நிலா ஸ்பைக்கா அருகே என்று டெக்சாஸ் பக்கத்துக் குரல் சொல்லும் நாளில், நேர வித்தியாசத்தில் கொஞ்சம் முன்பின்னாக, நங்கநல்லூர் காலண்டரிலும் சித்திரை. பெயர் முன்கூட்டியே தெரிந்துவிட்டால் மனசு அதைத் துரத்துவதை விட்டுவிட்டு, மிச்சம் இருக்கும் சின்னச் சொற்கள் பக்கம் போகிறது. மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பார்க்கவும் செய்யலாம். சென்னை வெளிச்சத்திலும் இந்த ஐந்தும் தெரியும்.

ஆக இப்போது எங்கள் வீட்டில் வார நாளில் ஸ்டார்டேட், சனி ஞாயிறு சிக்ஸ்டி செகண்ட் சயன்ஸ். தேர்வு நெருங்கும்போது மகள் பிபிசி நிபுணர் துண்டுகளுக்கு மாறிக்கொள்வாள். நேற்று கேட்டை. ஆன்டாரிஸை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தாள். இரண்டு இடத்தில் 'ஆஃப்' இல்லை. அப்பா சிவப்பு மையில் அந்த வெற்றிடத்தைச் சுழித்துவிட்டு, "மறுபடி ஓட்டும்மா" என்றார்.