ஏழு வருட ஆர்.ஓ. மிஷின், நான்காவது மெம்பரேன், ஒரு பச்சை வாளி

சென்ற வாரம் எங்கள் ஆர்.ஓ. குடிநீர் மிஷினுக்கு மெம்பரேன், அதாவது உப்பைத் தடுத்து நிறுத்தும் சவ்வு, மாற்றினேன். வடிகட்டிகள், கூலி எல்லாம் சேர்த்து 2,800 ரூபாய். அதே வாரம் பார்த்து ஊரிலிருந்து ஒன்றுவிட்ட தம்பி போன் செய்தான். “அக்கா, உங்கள் வீட்டு மிஷின் எப்படி? அதையே நானும் வாங்கட்டுமா?” பணம் கொடுத்த எரிச்சல் அடங்காத நேரம். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகையால் இதில் கொஞ்சம் கோபம் கலந்திருக்கும். கழித்துக்கொண்டு படிக்கவும்.

2018 டிசம்பரில் வாங்கியது. எத்தனை லிட்டர் கொள்ளும், எத்தனை விளக்கு எரியும் என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் கிடைக்கும். உள்ளே இருக்கும் பம்பும் மெம்பரேனும் வடிகட்டியும் எல்லா நிறுவனத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், டப்பாதான் வேறு. எங்கள் வீடு சென்னையில் மேடவாக்கம் பக்கம். ஆழ்துளைக் கிணற்று நீர். டி.டி.எஸ். எனப்படும் கரைந்த உப்பின் அளவு கோடையில் லிட்டருக்கு 1,150 மில்லிகிராம் வரை போகும், நல்ல மழைக்குப் பின் 900க்கு இறங்கும். இந்திய தர நிர்ணயத்தின்படி குடிநீருக்கு 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. எங்களுக்கு வேறு வழி இல்லை என்பதை வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிந்த வெள்ளைப் பொருக்கே சொல்லும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். குடிக்கத்தான் வாங்கினோம், மகிழ்ச்சி கிடைத்தது பருப்பில். போர்வெல் தண்ணீரில் துவரம்பருப்பு ஆறு விசிலுக்கும் அசையாது. மத்தால் கடைந்தாலும் விதை விதையாக நிற்கும். மிஷின் வந்த முதல் நாள் பழக்கத்தில் ஆறு விசில் விட்டுத் திறந்தேன், குக்கருக்குள் கூழ். இப்போது மூன்றே விசில். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் சதையை இறுக்கிவிடுமாம். இத்தனை வருடம் கடைக்காரர் பழைய பருப்பைத் தலையில் கட்டுகிறார் என்று அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். தேநீரின் மேல் மிதக்கும் அந்த எண்ணெய் போன்ற ஆடையும் போயிற்று.

இனி பச்சை வாளி.

மிஷினின் பின்னால் ஒரு மெல்லிய குழாய் தொங்கும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால் மூன்று லிட்டர் அதன் வழியாக வெளியே போகும். எங்களுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு 12 லிட்டர். வாளிக்குப் போவது 36. விளக்கை அணைத்துப் படுத்த பிறகும் சமையலறையிலிருந்து அந்தச் சொட்டுச் சத்தம் வரும். யாராவது எழுந்து வாளியை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் காலையில் கால் வழுக்கும். ஏழு வருடக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஏறத்தாழ 92,000 லிட்டர். எங்கள் அடுக்ககத்துக்குக் கோடையில் வரும் லாரி ஒன்று 12,000 லிட்டர். அப்படியானால் ஏழரை லாரிக்கு மேல்.

2019 ஜூனில் சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம், செங்குன்றம், பூண்டி, சோழவரம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தபோது அந்தக் குழாயைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. கீழே லாரிக்கு வரிசை நிற்கிறது, மேலே நான் நல்ல பிள்ளை போல வாளி நிரப்புகிறேன். உதிரி பாகக் கடையில் போய்ப் புலம்பினேன். அங்கே ஒரு பெஞ்ச் உண்டு. மிக்ஸி ஜார், குக்கர் மூடி, பம்பு என்று ஆளுக்கொன்றை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரர் வாய் திறக்க மாட்டார். ஆலோசனை எல்லாம் பெஞ்சிலிருந்துதான் வரும்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சொன்னார்: “கழிவுக் குழாயில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். அதில் 450 என்று போட்டிருக்கும். கழற்றிவிட்டு 250 போடுங்கள் அம்மா. நான் போட்டிருக்கிறேன், ஒரு குறையும் இல்லை.” அந்த எண், நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் கழிவை வெளியே விடலாம் என்பது. அறுபது ரூபாய்க்கு வாங்கி நானே மாட்டினேன். கழிவு மூன்று லிட்டரிலிருந்து இரண்டுக்கும் கீழே இறங்கியது. பெயர் தெரியாத அந்த மனிதரை வீட்டில் எல்லோரும் வாழ்த்தினோம்.

2020 ஏப்ரலில் நல்ல தண்ணீர் நூல் போல வந்து நின்றது. ஊரடங்கு. கடை இல்லை, மெக்கானிக் இல்லை. கேன் தண்ணீருக்குத் தெருமுனையில் நின்றோம், பருப்பு மறுபடி ஆறு விசிலுக்குப் போனது. பிறகு வந்த மெக்கானிக் மெம்பரேனை உருவிக் காட்டினார். முனையில் சுண்ணாம்பு பூசினாற்போல வெள்ளை. கழிவாக ஓடுகிற தண்ணீர்தான் உப்பை அடித்துக்கொண்டு போகிறது, அதன் வாயை நெருக்கினால் உப்பு அங்கேயே தங்கிப் படியும் என்றார். மூன்று வருடமாவது உழைக்க வேண்டியது பதினைந்து மாதத்தில் போய்விட்டது.

மறு வருடம் வெள்ளைச் சட்டைக்காரரை அதே பெஞ்சில் பார்த்தேன். சண்டை போடத்தான் பக்கத்தில் உட்கார்ந்தேன். “உங்கள் வீட்டில் டி.டி.எஸ். எவ்வளவு சார்?” “முன்னூற்று இருபது.” குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீர். அவர் மெம்பரேன் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. பொய் சொல்லவில்லை, பாவம். 500க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யும்படி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் அரசுக்கு உத்தரவிட்டது. உங்களுக்கு இந்த மிஷினே வேண்டாம் என்றேன். மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கேட்காமல் சொன்னது என் தப்பு.

ஆனாலும் அந்தப் பெஞ்சை அடியோடு திட்ட முடியவில்லை. அதே ஆண்டு ஒரு விற்பனையாளர் வீட்டுக்கு வந்தார். இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த சுத்த நீர். கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை இரண்டிலும் வைத்து மின்சாரம் கொடுத்தார். குழாய்த் தண்ணீர் நொடியில் பழுப்பாகிச் சகதி போலத் திரண்டது. “இதையா குழந்தைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?” என்றார். என் மாமியார் நெஞ்சில் கை வைத்துவிட்டார். நல்ல வேளையாக, மடியில் மிக்ஸி ஜாரோடு உட்கார்ந்திருந்த ஓர் அம்மாள் அதற்கு ஒரு மாதம் முன்பே சொல்லியிருந்தார்: “அவன் கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி வைக்கச் சொல்.” போட்டேன். சுத்த நீரும் பழுப்பாயிற்று. கரைந்தது தண்ணீரில் இருந்த அழுக்கு அல்ல, கம்பியின் இரும்பு. உப்பு இருந்தால் மின்சாரம் பாயும், இரும்பு கரையும், அவ்வளவுதான் வித்தை. ஆள் பையைக் கட்டிய வேகம் இருக்கிறதே! அந்த அம்மாளுக்கு ஒரு தடவை காபி வாங்கித் தர வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். அதற்குப் பிறகு அவரைக் காணவே இல்லை.

நானும் பெஞ்சில் உட்கார்ந்து வாய் திறந்ததுண்டு. கழிவு நீரை என்ன செய்வது என்று ஓர் இளம்பெண் கேட்டாள். “செடிக்கு ஊற்று அம்மா, எங்கள் வீட்டுத் தென்னை அதில்தான் வளர்கிறது” என்றேன், பெரிய மனுஷி மாதிரி. சென்ற வாரம் மெம்பரேன் வாங்கப் போனபோது அவள் உட்கார்ந்திருந்தாள். தொட்டியில் வைத்த கறிவேப்பிலை நுனி நுனியாகக் கருகிக் கொட்டிவிட்டதாம். தென்னை உப்பைத் தாங்கும். 1,500ஐத் தொடும் அந்தத் தண்ணீரைத் தொட்டிச் செடி எங்கே தாங்கும்? வடிய வழியும் இல்லை. அவள் கோபப்படவில்லை. “உங்கள் தென்னை நன்றாக இருக்கிறதா ஆன்ட்டி?” என்று மட்டும் கேட்டாள்.

இப்போது கழிவு நீர் வீடு துடைக்கவும் கழிப்பறைக்கும் போகிறது. 450 துண்டையே திரும்ப மாட்டிவிட்டேன். வாளி நிரம்பிக்கொண்டேதான் இருக்கிறது.

ஐந்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்றால், இன்றைக்கு இரண்டுதான் போடுவேன். இரவில் வாளி தூக்க வைக்கும் எந்த மிஷினுக்கும் அதற்கு மேல் போட மனம் வரவில்லை. ஆனால் நாளைக்கே இது கெட்டுப்போனால், நாளன்றைக்குள் இன்னொன்று வாங்கிவிடுவேன்.

தம்பிக்கு மிஷினின் பெயரைச் சொல்லவில்லை. என் டி.டி.எஸ். மீட்டரைக் கூரியரில் அனுப்பினேன். அவன் வீட்டுக் குழாயில் 240 காட்டியதாம். வாங்காதே, மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது, கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடி என்றேன். சரி என்றான். மீட்டர் இப்போது அவன் தெருவில் நான்காவது வீட்டில் இருக்கிறதாம். எப்போது திரும்பி வரும் என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.