பனகுடிக்காரர் பட்டெடுக்க எங்கே போகிறார்?

ஊர்கள் வளர்வதைப் பற்றி ஆய்வு செய்ய வரும் மாணவர்கள் முதலில் கேட்பது, எந்தக் கோட்பாட்டை எடுப்பது என்பதைத்தான். பெரும்பாலும் போட்டி இரண்டுக்குள் வந்து நிற்கும். ஒன்று, தென்ஜெர்மனியின் ஊர்களை வைத்து வால்டர் கிறிஸ்டாலர் 1933-இல் சொன்ன மைய இடக் கோட்பாடு. இன்னொன்று, பிரான்சுவா பெரூ 1955-இல் முன்வைத்த வளர்ச்சித் துருவம். நெல்லைச் சீமைக்கு நான் கிறிஸ்டாலர் பக்கம்.

அவர் சொல்வதை நாம் தினமும் செய்கிறோம். தேயிலைக்குத் தெருக்கடை போதும். உரம் வாங்க அம்பாசமுத்திரம் வரை போவோம். கல்யாணப் பட்டு என்றால் திருநெல்வேலி டவுன் வடக்கு ரத வீதி, பெரிய வைத்தியம் என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி. அடிக்கடி வேண்டியது பக்கத்தில் கிடைக்கும். எப்போதாவது வேண்டியதற்குத் தூரம் போக வேண்டும். ஊர்களில் சிறிசு பெரிசு உண்டாவது அப்படித்தான்.

மாவட்ட எல்லையை நம்பி இதைப் படித்தால் ஏமாந்துபோவோம். பனகுடியில் ஒரு தூறல் நாளில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் ஒரு அக்கா, ஸ்கேன் கவர் நனையாமல் முந்தானையால் பொத்திப் பிடித்திருந்தார். "கலெக்டர் ஆபீஸுக்குத்தான் திருநவேலி. ஆஸ்பத்திரி, துணிமணி எல்லாத்துக்கும் நாரோயில்தான்" என்றார். பட்டும் அங்கேதானாம், பக்கத்து மாவட்டத்து நாகர்கோவிலில்.

ஆனால் கிறிஸ்டாலர் தன் கணக்குக்கு எடுத்துக்கொண்டது மேடு பள்ளம் இல்லாத, எங்கும் ஒரே வளமுள்ள சமவெளி. இங்கே தாமிரபரணிக் கரை நஞ்சையில் ஊர்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் மானாவாரி. அம்பாசமுத்திரமும் கல்லிடைக்குறிச்சியும் ஆற்றுக்கு இருகரையில் எதிரெதிரே. நெல்லையும் பாளையும் அப்படியே: இங்கே கோயிலும் கடைவீதியும், அங்கே கோட்டையும் பள்ளிக்கூடங்களும். 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலம்தான் இரண்டையும் சேர்த்தது. கிறிஸ்டாலர் ஊர்களை அடுக்கிக் காட்டிய அறுகோணக் கட்டத்துக்குள் இதையெல்லாம் அடைக்க முடியாது.

சரி, பெரூ? ஒரு பெரிய தொழில் சுற்றியுள்ள தொழில்களையும் இழுத்துக்கொண்டு போகும் என்பது அவர் வாதம். அவர் பேசியது தொழில்களுக்கு இடையிலான பிணைப்பை; வரைபடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டால் ஊர் வளரும் என்று அதைச் சுருக்கிக்கொண்டது பின்னால் வந்தவர்கள். பாபநாசத்தின் தண்ணீர் விசையை நம்பி 1880-களில் வந்த ஹார்வி ஆலைக்கு அவர் சொன்னது பொருந்தும். கரிசல் காட்டுப் பருத்தி, ஆலைக் கூலி, கடைகண்ணி என்று விக்கிரமசிங்கபுரமே அதைச் சுற்றி எழுந்தது. கூடங்குளத்தில் அது நடக்கவில்லை. அணு உலை ரஷ்யாவிலிருந்து வந்தது, மின்சாரம் கம்பி வழியே வெளியே போகிறது. சம்பளமும் ஒப்பந்த வேலையும் சுற்றுவட்டாரத்துக்குக் கிடைக்கின்றன. கிளைத்தொழில் பெரிதாக முளைக்கவில்லை. துருவம் என்று எழுதும் மாணவரிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதலீட்டுத் தொகையைப் பார்க்காதே, பிணைப்பைப் பார்.

அப்புறம், இரண்டுக்கும் பிடிபடாத தொழில் ஒன்று இருக்கிறது. முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். இலை பெரும்பாலும் மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வருகிறது, கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. பட்டறை என்று எதுவும் இல்லை, வீட்டுத் திண்ணைதான். அதனால் எங்கள் கள ஆய்வுக் கேள்வித்தாளில் "எங்கே போய் வாங்குகிறீர்கள்" என்பதற்கு அடுத்தபடியாக, "இலை யார் கொண்டுவந்து தருகிறார், சுற்றியதை யாரிடம் கொடுக்கிறீர்கள்" என்ற கேள்வியையும் சேர்த்துவிட்டோம்.