டெர்மக்ஸோடு ஆறு வருடம்

புது எடிட்டர், புது ஃபிரேம்வொர்க், புது நோட்ஸ் ஆப் என்று எது வந்தாலும் அன்று ராத்திரியே இறக்கிப் பார்த்துவிட வேண்டும் எனக்கு. ஒரு வாரம் தலையில் வைத்துக் கொண்டாடுவேன், அப்புறம் அது எந்த ஃபோல்டரில் கிடக்கிறது என்றே தெரியாது. வீட்டில் இதற்கு "பொம்மை வாங்குறான்" என்று பெயர். அப்படி 2019-ல் வாங்கிய ஒரு பொம்மை மட்டும் மூன்று போன் மாறிய பிறகும் முதல் திரையிலேயே இருக்கிறது. அதுதான் டெர்மக்ஸ்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ஆண்ட்ராய்டின் அடியில் ஓடுவது லினக்ஸ் கர்னல்தான், ஆனால் அதைத் தொட்டுப் பார்க்க நமக்கு வாசல் கிடையாது. டெர்மக்ஸ் அந்த வாசலைத் திறந்துவிடுகிறது. 2015-லிருந்து இருக்கும் திறமூல ஆப் இது. திறந்தால் கறுப்புத் திரை, ஒரு டாலர் குறி, அவ்வளவுதான். பிகேஜி இன்ஸ்டால் என்று அடித்து பைதான், கிட், நோட், கோ, ரஸ்ட் என்று வேண்டிய நிரல் மொழியையோ கருவியையோ இறக்கிக்கொள்ளலாம். போனை ரூட் செய்ய, அதாவது அதன் முழு அதிகாரத்தையும் கையில் எடுக்கத் தேவையில்லை.

முதல் நாள் பைதானைத் திறந்து 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேட்டேன். 5 என்றது. நாம் எண்ணினால் மூன்று எழுத்து. பைதான் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று தனித்தனியாக எண்ணுகிறது. ஓப்பன்-தமிழ் என்ற நூலகத்தை இறக்கி அதனிடம் கேட்டால் த, மி, ழ் என்று சரியாகப் பிரித்துக் கொடுத்தது. இதெல்லாம் லேப்டாப்பில் எப்போதோ செய்து பார்த்ததுதான். ஆனால் டீக்கடை பெஞ்சில், ஒரு கையில் கிளாஸை வைத்துக்கொண்டு செய்தபோது வந்த சந்தோஷம் வேறு.

அதே நிமிடத்தில் முதல் குறையும் கண்ணில் பட்டது. டெர்மினல் என்கிற இந்தக் கறுப்புத் திரை கட்டம் போட்ட கணக்கு நோட்டு மாதிரி, கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஆங்கிலம் அதற்குள் அடங்கிவிடும். நம்முடைய 'கொ'வுக்கு இடப்பக்கம் கொம்பு, வலப்பக்கம் கால். கட்டத்துக்குள் திணித்தால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் சிதறிவிடுகிறது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தேன், பெரிதாகத் தேறவில்லை. இன்றைக்கும் தமிழ் வெளியீடு என்றால் ஒரு ஹெச்டிஎம்எல் ஃபைலில் எழுதி, பைதானின் குட்டி வெப் சர்வரை 8000-ஆவது போர்ட்டில் (இணைப்பு வாசலில்) ஓடவிட்டு, அதே போனின் பிரவுசரில் பார்க்கிறேன். சுற்றி வளைத்து மூக்கைத் தொடுகிற வேலைதான், பழகிவிட்டது.

தட்டச்சு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடுதிரையில் நிரல் எழுதுவது தண்டனை. வால்யூம் குறைக்கும் பட்டன் கண்ட்ரோல் கீயாக வேலை செய்யும், வால்யூம் கூட்டும் பட்டனோடு ஆங்கில 'E' அடித்தால் எஸ்கேப் என்பதெல்லாம் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் ஐம்பது வரிக்கு மேல் யாராலும் தாக்குப்பிடிக்க முடியாது. மடக்கும் புளூடூத் கீபோர்டு ஒன்று வாங்கினேன். முதல் மாதம் எங்கே போனாலும் பையில் இருந்தது. இப்போது அது எந்த அலமாரியில் இருக்கிறதோ. போனிலேயே முழு ப்ராஜெக்ட் எழுதப் போகிறேன் என்று நண்பர்களிடம் அளந்ததெல்லாம் நடக்கவேயில்லை. லேப்டாப் லேப்டாப்தான்.

பிறகு எதற்கு வைத்திருக்கிறேன்? ஒரு ரயில் பயணம் சொல்கிறேன்.

நெல்லை எக்ஸ்பிரஸில் கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் அலுவலகத்திலிருந்து அழைப்பு: சர்வர் படுத்துவிட்டது. லேப்டாப்பை எடுத்துவரவில்லை. மேல் பெர்த்தில் குப்புறப் படுத்துக்கொண்டு டெர்மக்ஸிலிருந்து சர்வருக்குள் நுழைந்தேன். தூரத்துக் கணினிக்குள் நுழைய எல்லோரும் பயன்படுத்தும் சாதாரண எஸ்எஸ்ஹெச் என்றால் சிக்னல் போகும் இடத்திலெல்லாம் இணைப்பு அறுந்து, திரும்ப முதலிலிருந்து நுழைய வேண்டும். நான் வைத்திருந்தது மாஷ். அது, இணைப்பைப் பிடித்துவைத்திருக்கத் தேவையில்லாத யுடிபி முறையில் பேசுவது. சிக்னல் போனால் திரையின் மேலே "கடைசியாகத் தொடர்பு கிடைத்து இத்தனை நொடி" என்று ஒரு நீலப்பட்டை ஓடிக்கொண்டிருக்கும். வயல்வெளி முடிந்து ஊர் வந்ததும் பட்டை மறைந்துவிடும், விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். அன்று அந்தப் பட்டை நூறு நொடியைத் தாண்டியதும் உண்டு. கடைசியில் பார்த்தால் டிஸ்க் நிரம்பியிருந்தது. பழைய லாக் ஃபைல்களைத் தானாகக் கழிக்கும் அமைப்பைப் போட மறந்த மகராசன் யாரென்றால், நான்தான். எதிர் பெர்த் பெரியவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "தம்பி, யார் அக்கவுண்ட்லயும் கை வைக்கலியே?" என்றார். கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் பார்த்தால் எல்லோருக்கும் சினிமா ஞாபகம்தான் வருகிறது.

ஆனால் டெர்மக்ஸின் உண்மையான ருசி எனக்குத் தெரிந்தது ஓர் உடைந்த போனில்தான்.

பழைய போனின் திரை விரிசல் விட்டு, கீழ்ப்பாதி தொட்டால் வேலை செய்யாமல் போனது. அதை ஊர் வீட்டில் சார்ஜரில் போட்டு, எஸ்எஸ்ஹெச் சர்வரை ஓடவிட்டேன். டெர்மக்ஸில் அது 8022-ஆவது போர்ட்டில் ஓடும், ஏனென்றால் 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டுகளை ரூட் இல்லாமல் திறக்க முடியாது. டெர்மக்ஸுக்குத் துணையாக ஏபிஐ என்று இன்னொரு ஆப் உண்டு. அதைப் போட்டால் கேமரா, இருப்பிடம், எஸ்எம்எஸ், பேட்டரி எல்லாவற்றையும் கமாண்ட் லைனிலிருந்தே கேட்கலாம். ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆப்பை மட்டும் இறக்கினால் போதாது, டெர்மக்ஸுக்குள்ளே அதே பெயரில் உள்ள பேக்கேஜையும் நிறுவ வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் வேலை நடக்காது. நான் பேக்கேஜை மட்டும் போட்டுவிட்டு, கமாண்ட் பதிலே சொல்லாமல் தொங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து ஒரு மாலைப்பொழுதை வீணாக்கினேன்.

பேட்டரி நிலையைக் கேட்டால் சதவீதம், வெப்பம், சார்ஜரில் இருக்கிறதா இல்லையா என்று ஜேசனாக, ஸ்கிரிப்ட் எளிதில் படிக்கும் வடிவில் வரும். அதைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது. சார்ஜரில் இருக்கும் போன் திடீரென்று சார்ஜ் ஏறவில்லை என்று சொன்னால், வீட்டில் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து, நிலை மாறினால் எனக்கு டெலிகிராமில் செய்தி அனுப்ப இருபது வரி ஸ்கிரிப்ட் போதும். தனியாக ஒரு கருவி வாங்க வேண்டாம்.

எழுதி வைத்துவிட்டுச் சென்னைக்கு வந்தேன். ஒரு வாரமாகச் செய்தியே இல்லை. பரவாயில்லையே, ஊரில் கரண்டே போகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். அம்மா போனில், "நேத்து மத்தியானம் பூரா கரண்ட் இல்லடா, மோட்டார் போட முடியல" என்கிறாள். விசாரித்தால், நான் சார்ஜரைச் செருகியிருந்த பாயிண்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்கிறது. கரண்ட் போனது போனுக்குத் தெரியவே தெரியாது.

பாயிண்ட்டை மாற்றச் சொன்னேன். அப்போதும் செய்தி வரவில்லை, கரண்ட் திரும்ப வந்த பிறகு மொத்தமாக வந்தது. யோசித்துப் பார்த்தால் சிரிப்புதான். கரண்ட் போனால் வைஃபை ரவுட்டரும் சேர்ந்துதானே அணையும்? செய்தியை எதன் வழியாக அனுப்பும் பாவம்? பழைய சிம் ஒன்றைப் போட்டு மொபைல் டேட்டாவையும் ஆன் செய்து வைத்தேன். அதற்குப் பிறகு ஒழுங்காக ஓடியது. பின்னணியில் ஆண்ட்ராய்டு தூங்க வைத்துவிடாமலிருக்க வேக்-லாக், போன் அணைந்து எழுந்தால் தானாகத் தொடங்க டெர்மக்ஸ் பூட், இவ்வளவுதான் ஏற்பாடு. ஒருநாள் நான் அழைத்து, "என்னம்மா, கரண்ட் இல்லாம என்ன பண்றீங்க?" என்றதும் அம்மா வாசல்வரை போய்ப் பார்த்தாளாம், நான் வந்து நிற்கிறேனோ என்று.

இனி குறைகள். இவை சின்னக் குறைகள் இல்லை.

முதலில் எங்கிருந்து இறக்குவது என்ற குழப்பம். நான் 2019-ல் பிளே ஸ்டோரிலிருந்து எடுத்தேன். ஆண்ட்ராய்டு 10-ஐக் குறிவைத்து வெளியிடும் ஆப்கள், தாமே இறக்கி எழுதிய ஃபைலை நிரலாக ஓட்டக் கூடாது என்று ஒரு பாதுகாப்பு விதி வந்தது. டெர்மக்ஸின் பிழைப்பே அதுதான். 2020 நவம்பரிலிருந்து அந்த விதிக்கு உட்படாமல் பிளே ஸ்டோரில் அப்டேட் போட முடியாது என்றானதும், அங்கே இருந்த பதிப்பு அப்படியே உறைந்து நின்றது. 2021 மே மாதம் பேக்கேஜ்களை வைத்திருந்த பின்ட்ரே சேவையும் மூடப்பட்டது. அதன் பிறகு எதை இன்ஸ்டால் செய்தாலும் பிழைச் செய்திதான். எஃப்-டிராய்டு என்ற திறமூல ஆப் கடையில் உள்ள பதிப்புக்கு மாறுவதுதான் வழி. இரண்டின் கையொப்பமும் வேறு என்பதால் மேலேயே அப்டேட் செய்ய முடியாது. பழையதை நீக்கியே ஆக வேண்டும். நீக்கினால் உள்ளே இருக்கும் ஹோம் ஃபோல்டரும் சேர்ந்து போகும். இது தெரிந்தும் அவசரத்தில் நீக்கினேன். கிட்டில் ஏற்றாத இரண்டு வார ஸ்கிரிப்டுகள் போயே போய்விட்டன. ஏபிஐ, பூட் போன்ற துணை ஆப்களையும் அதே இடத்திலிருந்துதான் எடுக்க வேண்டும், கலந்தால் ஒன்றோடொன்று பேசாது. பிளே ஸ்டோரில் பின்னாளில் மறுபடி ஒரு பதிப்பு வந்தது, அது தனிக் கிளை. எஃப்-டிராய்டிலேயே நில்லுங்கள்.

அடுத்தது சிக்னல் 9. ஆண்ட்ராய்டு 12 வந்த பிறகு, ஏதாவது பில்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே திரையில் "பிராசஸ் முடிந்தது, சிக்னல் 9" என்று காட்டிவிட்டு மொத்தமும் செத்து விழும். ஆப்கள் பெற்றுப்போடும் குட்டிப் பிராசஸ்கள் போன் முழுவதற்கும் சேர்த்து 32-ஐத் தாண்டினால் ஆண்ட்ராய்டே கொன்றுவிடுகிறது. டெர்மக்ஸில் ஒவ்வொரு கமாண்டும் ஒரு குட்டிப் பிராசஸ், அப்புறம் எப்படி? ஆண்ட்ராய்டு 14-ல் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் இதை நிறுத்த ஒரு பட்டன் இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஏடிபி கமாண்ட், அதாவது வழக்கமாகக் கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கொடுக்கும் கட்டளை, கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லாமலே, வயர்லெஸ் டீபக்கிங் வழியாக டெர்மக்ஸிலிருந்து தன் போனுக்குத் தானே ஏடிபி போட்டுக்கொள்ளலாம். ஆனால் இணைப்புக்கான எண்ணைக் காட்டும் பெட்டி, செட்டிங்ஸை விட்டு வெளியே வந்ததும் மறைந்துவிடும். திரையை இரண்டாகப் பிரித்து, மேலே செட்டிங்ஸ், கீழே டெர்மக்ஸ் என்று வைத்துக்கொண்டு ஆறு இலக்கத்தை அவசரமாக அடிக்க வேண்டும். நான் நாலாவது தடவையில்தான் வென்றேன்.

பைதான்காரர்களுக்கு இன்னொன்று. சாதாரண லினக்ஸ் க்ளிப்சி (glibc) என்ற அடிப்படை நூலகத்தை நம்பியிருக்கிறது, ஆண்ட்ராய்டில் அந்த இடத்தில் இருப்பது பயோனிக். அதனால் பைதானின் பேக்கேஜ் நிறுவியான பிப்பில் கிடைக்கும் தயார்நிலை லினக்ஸ் பேக்கேஜ்கள் இங்கே ஒட்டாது. நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகத்தை பிப் வழியாகக் கேட்டேன், மூலத்திலிருந்து கம்பைல் செய்ய ஆரம்பித்து, போன் இஸ்திரிப் பெட்டியாகிவிட்டது. டெர்மக்ஸின் சொந்தக் களஞ்சியத்திலேயே நம்பை இருக்கிறது, அங்கிருந்து எடுத்தால் நொடியில் முடியும். எதுவுமே சரிவரவில்லையென்றால் ப்ரூட்-டிஸ்ட்ரோ என்ற கருவி வழியாக டெபியன் என்ற லினக்ஸையே உள்ளே இறக்கிக்கொள்ளலாம், வேகம் கொஞ்சம் அடிவாங்கும்.

2025 மார்ச்சில் பிக்சல் போன்களுக்கு கூகுளே ஒரு லினக்ஸ் டெர்மினலைக் கொடுத்தது. மெய்நிகர் கணினிக்குள் முழு டெபியன். என் போன் பிக்சல் இல்லை. இருந்திருந்தால் அன்று ராத்திரியே ஓட்டிப் பார்த்திருப்பேன் என்று சொல்லவா வேண்டும். இருந்தாலும் எனக்கு வேண்டியது போனுக்குள் ஒரு தனி வீடு இல்லை, போனின் பேட்டரியையும் சிம்மையும் தொட்டுப் பார்க்கும் கை.

ஊரில் இருந்த போனின் கதை போன கோடையில் முடிந்தது. அம்மா, "அந்தப் போன் பூரி மாதிரி உப்பியிருக்குடா" என்று படம் அனுப்பினாள். வருடக்கணக்கில் நூறு சதவீதத்திலேயே சார்ஜரில் கிடந்தால் லித்தியம் பேட்டரி வேறென்ன செய்யும். உடனே பிடுங்கி, வெளியே சிமெண்ட் தரையில் வைக்கச் சொன்னேன். இப்படி வைக்க நினைப்பவர்கள் இந்த ஒரு தவற்றை மட்டும் செய்ய வேண்டாம்.

இப்போது அங்கே இருப்பது இன்னொரு பழைய போன். டைமர் பிளக்கில் போட்டிருக்கிறேன், நாளுக்கு இரண்டு மணி நேரம்தான் சார்ஜ் ஏறும். ஆனால் டைமர் அணையும்போதெல்லாம் ஸ்கிரிப்ட் கரண்ட் போய்விட்டது என்று பதறுமே? அதனால் சார்ஜரைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். நிமிடத்துக்கு ஒருமுறை வீட்டு ரவுட்டருக்கு ஒரு பிங், இருக்கிறாயா என்று ஒரு விசாரிப்பு. மூன்று முறை பதில் வரவில்லையென்றால் சிம் வழியாக எனக்குச் செய்தி. ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கரண்ட் போனாலும் டிவியில் நெட் ஓட வேண்டும் என்று அவர் போன வாரம்கூட எலக்ட்ரீஷியனைக் கூப்பிடப் பார்த்தாராம்.